நந்தி தடுத்துடுச்சு

என் கணவர் தில்லைநாயகத்தின் கவனம் கலையக் கூடாது. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சட்டம் அதுதான். கேஸ் தீரலாம், மோட்டார் ஓடி ஓடித் தொட்டி வழியலாம், கூரை பெயர்ந்து தலையில் விழலாம். அவர் கவனம் மட்டும் கலையக் கூடாது.

அப்படி என்னத்தை வெட்டி முறிக்கிறார் என்று கேட்பீர்கள். பேங்க்கில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்ததிலிருந்து செஸ் புதிர் போடுகிறார். செஸ் விளையாடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். விளையாடினால் எதிரில் ஒரு மனிதன் உட்கார வேண்டும், மனிதன் என்றால் இவருக்கு ஆகாது. வெள்ளைக் காய்கள் மூன்றே நகர்த்தலில் கறுப்பு ராஜாவை மடக்க வேண்டும், அதற்கு ஒரு வழிதான் இருக்க வேண்டும். அப்படி ஓர் அமைப்பை உட்கார்ந்து உண்டாக்கி, ஐரோப்பாவில் எங்கேயோ வரும் ஒரு பத்திரிகைக்கு அனுப்புவார். எப்போதாவது ஒன்றைப் போடுவார்கள். அதைப் படிக்கிறவர்கள் அத்தனை பேரையும் எங்கள் ஹாலில் உட்காரவைத்து இட்லி போட்டு அனுப்பிவிடலாம், அவ்வளவுதான் கூட்டம்.

நான் மின்தடைப் புகார் மையத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு காற்று அடித்தால் போதும், ஊர் மொத்தமும் என் காதுக்குள் வந்து கத்தும். எல்லோருக்கும் "சொல்லுங்க சார், சொல்லுங்கம்மா" என்று பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"போச்சு வசுமதி. குதிரைய எங்க வைக்கணும்னு கிட்ட வந்துட்டேன். அசோசியேஷன்காரன் தண்ணி லாரி வருதுன்னு மணி அடிச்சான். போச்சு."

குதிரை போச்சாம். தண்ணீர் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இப்போதெல்லாம் போன், வாசல் மணி, கொரியர், பால், குடியிருப்புச் சங்கத்துக்காரர்களின் புலம்பல் எல்லாமே வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாகத்தானே வருகிறது? வந்து, அறைக்கு அறை மணி அடிக்கிறது. அதை அடக்குவதற்காகத்தான் இவர் நந்தி வாங்கினார். கறுப்பாக, குட்டையாக, கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்தியிருக்கும் ஒரு பெட்டி. பெயர் வைத்தவன் விவரமானவன். கோயிலில் நந்தியின் காதில் சொன்னால் உள்ளே இருப்பவருக்குப் போய்விடும் என்பார்கள். இந்த நந்தியின் காதில் சொன்னால் போகவே போகாது, அதற்குத்தான் காசு.

பொருத்த வந்தவர் எட்வின். சின்ன வயது, பேச்சில் மரியாதை.

"சார், இது வெறும் சத்தத்த அமுக்கற சாமான் இல்ல. உங்க கருவிழி, நாடி எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். எது உங்களக் கலைக்குதோ அத வாசல்லயே நிறுத்திடும். பதிலும் அதுவே போட்டுடும், நீங்க போட்ட மாதிரியே."

"நான் போட்ட மாதிரின்னா?"

"உங்க பழைய மெசேஜ் எல்லாம் படிச்சுக் கத்துக்கும் சார். சில பேருக்கு மாசக்கணக்குல ஆகும்."

இவருடையதைக் கற்றுக்கொள்ள ஒரு காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. இவர் எல்லோருக்கும் எழுதியது ஒரே பதில்தான்: "ம்". பொங்கல் வாழ்த்துக்கு "ம்". தங்கை மகன் அமெரிக்கா போகிறேன் என்றதற்கு "ம்". என் அப்பா போய்விட்டார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நான் அனுப்பிய செய்திக்கும் "ம்". எட்வின் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், வெறும் 'ம்' போட்டா ஆளுங்க விடமாட்டாங்க. 'என்ன கோவமா, என்ன ஆச்சு'ன்னு திரும்பத் திரும்பக் கேப்பாங்க. அதனால நந்தி கொஞ்சம் நல்லபடியா எழுதும். 'சரிக்கா, சாப்ட்டியா, உடம்பப் பாத்துக்கோ'ன்னு ஒரு வார்த்த விசாரிச்சுட்டா அடங்கிடுவாங்க. பரவால்லயா?"

"என்னத்த வேணா எழுதட்டும். எனக்குக் காட்டாம இருந்தா சரி."

நான் குறுக்கே புகுந்தேன். "ஏம்ப்பா, எங்க சென்டருக்குப் பேசறவங்க பாதிப் பேர் 'ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான் கேட்டேன்'னுதான் ஆரம்பிப்பாங்க. கடைசில பாத்தா கம்பி அறுந்து மாட்டுக் கொட்டாய் மேல கிடக்கும். உன் மெஷினுக்கு அதெல்லாம் புரியுமா?"

"நம்ம ஊர்ப் பசங்க பழக்கினதுதான் மேடம்" என்று சிரித்துக்கொண்டே எட்வின் பையை மூடினார். இணைப்பை என் பெயரில் போட்டுக்கொடுத்தார். ஏனென்றால் விண்ணப்பம் நிரப்பினால் இவர் கவனம் கலைந்துவிடும்.

கொஞ்ச நாளில் எங்கள் சிட்லபாக்கம் முழுக்க நந்தி வந்துவிட்டது. சிட்லபாக்கம் என்ன, ஊர் முழுக்க. வந்ததும் ஒரு புது வழக்கமும் வந்தது. லீவு கேட்டவனுக்கு மேலதிகாரி பதில் போடாவிட்டால் "ஸாரிப்பா, நந்தி தடுத்துடுச்சு". மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வராவிட்டால் நந்தி தடுத்துடுச்சு. மூன்றாம் மாடியில் கீழே விழுந்து கிடந்த பெரியவர், பக்கத்து வீட்டுக்கு எத்தனையோ தடவை போன் போட்டும் யாரும் வரவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அதே ரெண்டு வார்த்தையைச் சொன்னார். பெரியவரின் மகளும் "பரவால்ல அங்கிள், மெஷின் என்ன பண்ணும்" என்று அவருக்குக் காபி வாங்கிக்கொடுத்தாள். யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லோர் வீட்டிலும் ஒன்று குந்திக்கொண்டிருக்கிறதே, எந்த வாயால் கேட்பது? எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. புகார் மையத்தில் ஒரு போனை எடுக்கவில்லை என்றால் எனக்கு மெமோ வரும். இவர்களுக்கெல்லாம் கறுப்புப் பெட்டியைக் காட்டிவிட்டால் தீர்ந்தது.

ஆவணியில் பல்லாவரத்தில் ஒரு கல்யாணம். இவருடைய சித்தப்பா பேத்திக்கு. இவர் வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தார், நான் சட்டையை எடுத்துப் படுக்கையில் போட்டுவிட்டு நின்றேன், வந்தார்.

மண்டபத்தில் தெய்வானை அண்ணியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தெய்வானை அண்ணி இவருடைய அக்கா. தாய் இல்லாத பிள்ளை என்று இவரை இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவர். கணவர் போன பிறகு அறந்தாங்கியில் தனியாக இருக்கிறார், குழந்தை கிடையாது. எந்த விசேஷத்துக்குச் சென்னை வந்தாலும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, என் டப்பாவிலிருந்து பவுடர் போட்டுக்கொண்டு, எங்களோடுதான் மண்டபத்துக்குக் கிளம்புவார். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்திருக்கிறார். பையும் கையுமாகப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். இலையில் வைத்த எதையும் தொடவில்லை. ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடக்கிறது.

"என்ன அண்ணி இது, பாதி ஆளா ஆயிட்டீங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா, வெயிலு."

நாள் முழுக்க இந்த "ஒண்ணும் இல்ல"வைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவளிடமா? கையைப் பிடித்துக் கை கழுவும் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் சொன்னார். மார்பில் கட்டி. புதுக்கோட்டையில் ஆபரேஷன் ஆகிவிட்டது. இனிமேல் கதிர் வைத்தியம் செய்ய வேண்டும், அவருக்கு வேண்டிய கருவி சென்னையில்தான் இருக்கிறது. வாரக்கணக்கில் தினமும் போய்ப் படுக்க வேண்டும். உடனே ஆரம்பிக்காவிட்டால் அறுத்ததே வீண் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"எப்ப அண்ணி சொன்னாங்க?"

"ஆடி பொறக்கறப்ப."

"ஆவணி ஆச்சே அண்ணி! நம்ம வீடு எதுக்கு இருக்கு?"

"தம்பிகிட்டக் கேட்டேன்மா. 'சும்மாதான் கேக்குறேன், அங்கிட்டு வந்து கொஞ்ச நாள் இருக்கலாமான்னு ஒரு யோசன, அவசரம் இல்ல, உன் வேலையப் பாரு'ன்னு போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்கிட்ட எப்படிம்மா கேக்குறது? கூடப்பொறந்தவன் வீடு. அவன் வாயால வான்னு சொல்லணும். நீ வான்னு சொல்லி அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அது முறையா? அவன் ஒருக்கா ஆமான்னு சொல்லலன்னா மறுக்காப் போயி நிக்க முடியுமா?"

முறையாம் முறை. உயிர் போகிற நேரத்திலும் தம்பியைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் போலிருக்கிறது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு. அண்ணியை இழுத்துக்கொண்டு நேராக இவரிடம் போனேன். இவர் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார், சுற்றிலும் சித்தப்பா, சித்தி, மைத்துனன் என்று ஒரு கூட்டம். அத்தனை பேர் முன்னாலும் உரக்கவே கேட்டேன்.

"அண்ணிக்குக் கதிர் வைக்கணுமாம். நம்ம வீட்டுக்கு வரட்டுமான்னு ஆடியிலயே உங்களக் கேட்டிருக்காங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ! நந்தி தடுத்துடுச்சுக்கா! என் கண்ணுலயே படலயே!"

அவ்வளவுதான், கூட்டம் உச்சுக்கொட்டியது. எங்க வீட்டுச் சனியனும் இப்படித்தான் என்று சித்தப்பா ஆரம்பித்தார். எங்க சம்பந்தி வீட்டுக் காரியமே எனக்குத் தெரியலை என்று சித்தி முடித்தார். அண்ணி மட்டும் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"அதான பாத்தேன். கண்ணுல பட்டிருந்தா நீ விடுவியா?"

"விடுவேனாக்கா? அது உன் வீடு! இன்னைக்கே வா!"

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி பையை எடுத்து என்னிடம் கொடுத்தார். பை கனத்தது. ஒரு நாள் கல்யாணத்துக்கு இவ்வளவு எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது, அந்தப் பரபரப்பில் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியை எங்கள் கட்டிலில் படுக்க வைத்தேன். கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தில் இவர் ஹால் சோபாவில் குறட்டை விட்டார். நான் இவருடைய அறைக்குள் போய் அந்தக் கறுப்புச் சனியனுக்கு எதிரே உட்கார்ந்தேன். தூக்கித் தரையில் அடிப்பதற்கு முன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

"தெய்வானை அண்ணி ஆடி மாசம் அனுப்பினத ஏன் தடுத்த?"

"தடுக்கவில்லை. காட்டினேன்" என்றது நந்தி.

"பொய் சொல்லாத. சும்மாதான்னுல்ல போட்டிருந்தாங்க? உனக்கு எப்படி முக்கியம்னு தெரியும்?"

"சும்மாதான் என்று தொடங்கி, அவசரம் இல்லை என்றும் எழுதியிருந்தார். நெருங்கிய உறவினர் அப்படி எழுதினால் நான் உடனே காட்டுவேன்."

"அவர் படிச்சாரா?"

"படித்தார். நாடி ஏறியது. மூடிவிட்டார். மாலையில் மறுபடி காட்டினேன். 'ம்' என்று அவரே அடித்து அனுப்பினார். அதன் பிறகு, அக்காவிடமிருந்து வருவது எதையும் காட்ட வேண்டாம் என்றார்."

"இத ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?"

"இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்டதில்லை."

எட்வினைக் கூப்பிட்டேன். நல்லவேளை, அவர் போனை அவரே எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தினார்.

"வெளில சொல்லிடாதீங்க மேடம். விளம்பரம், லாரி, அசோசியேஷன், இதெல்லாம் நந்தி தடுக்கும். சொந்த மனுஷங்களோட முக்கியமான விஷயத்த நாங்களாத் தடுக்கறதே இல்ல. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா எவன் கோர்ட்டுக்குப் போறது? காட்டிடுவோம். அவங்கதான் மூடறாங்க."

"அப்ப ஊர் முழுக்க நந்தி தடுத்துடுச்சு, நந்தி தடுத்துடுச்சுன்னு..."

"பழிய மட்டும் அது வாங்கிக்கும் மேடம்."

"சத்தம் இல்லாம இருக்கத்தான் இவ்வளவு காசுன்னு நெனச்சேன்."

"அதுக்குக் காதுல ரெண்டு பஞ்சு போதுமே" என்றார் எட்வின்.

போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். சீ என்று இருந்தது. ஒரு மனிதனோடு இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டோமே என்று அருவருப்பாக இருந்தது. அக்கா உயிரை விடவும் இவருக்குக் குதிரை பெரிதாகப் போய்விட்டது. கழிவறையை ஒட்டியிருக்கும் ஒரே அறை இவருடைய செஸ் அறை, நோயாளி வந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அதுதான் கணக்கு. அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று உள்ளே போனேன்.

அண்ணி தூங்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அண்ணி, ஒரு விஷயம். நந்தி ஒண்ணும் தடுக்கல. அவரு..."

"தெரியும்மா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த மெஷினு எம்புட்டு நல்லா எழுதும் தெரியுமா? 'மழையில நனையாதக்கா, மாத்திர போட்டியாக்கா'ன்னு கேக்கும். இவன் ஜென்மத்துல அப்பிடி எழுத மாட்டான்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் படிக்கச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு மட்டும் வெறும் 'ம்'னு வந்துச்சு. பாத்ததும் புரிஞ்சுபோச்சு. இதுதான் என் தம்பி எழுதினதுன்னு."

"அப்புறம் ஏன் அண்ணி மண்டபத்துல அப்படிச் சொன்னீங்க?"

அண்ணி எழுந்து உட்கார்ந்தார். "நந்தி தடுத்துடுச்சுன்னு சொல்லுவான்னு எனக்குத் தெரியும்மா. எல்லாரும் அதத்தான சொல்றாக. அம்புட்டுப் பேரு முன்னாடி அவன் அப்பிடிச் சொல்லிட்டான்னா, பாத்திருந்தா கூப்பிட்டிருப்பேன்னு ஆயிருதுல்ல? அப்புறம் எப்பிடி வராதன்னு சொல்லுவான்? அந்தப் பொய்ய வாங்கத்தான் பஸ் ஏறி வந்தேன். நான் உங்க வீட்டுக்கு வராம மண்டபத்துக்குப் போனா நீ பாத்துட்டு விடமாட்டன்னும் தெரியும்." பையைக் காட்டினார். "வாரக்கணக்குல இருக்கத் துணிமணியோடதான் வந்தேன். எனக்கு வைத்தியம் ஆகணும் வசு. நான் இன்னும் இருக்கணும்."

இவர் பெட்டி பெட்டியாகக் கோடு போட்டு வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறாரே, அந்த மடக்கலை அறந்தாங்கியில் உட்கார்ந்துகொண்டு இந்த அம்மாள் போட்டிருக்கிறார். கறுப்பு ராஜாவுக்கு நகர இடமே இல்லை.

மறுநாளே செஸ் அறையில் கட்டில் போட்டேன். செஸ் மேசை ஹாலுக்கு வந்தது, சமையலறைக் கதவை ஒட்டி. இவர் வாயைத் திறக்கவில்லை, எதைச் சொல்லித் திறப்பது? வைத்தியம் ஆரம்பித்தது. முதல் நாள் டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஒரு சின்ன கம்யூனிகேஷன் கேப், டாக்டர்" என்றார் இவர்.

"அடடா, நந்தியா?" என்றார் டாக்டர் அனுதாபமாக. அங்கேயே இரண்டு பேரையும் அறையலாம் போலிருந்தது. தாமதம் உள்ளே ஏதாவது செய்திருக்கிறதா என்று போகப்போகத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள்.

நந்தியை நான் உடைக்கவில்லை. இணைப்பு என் பெயரில்தானே? இனி எனக்கு வரும் செய்திகளை அது பார்க்கும்படி மாற்றிக்கொண்டேன். நேற்று வேலைக்கு நடுவே இவரிடமிருந்து ஒரு செய்தி. "அக்கா எப்ப கிளம்பறா? மிக்ஸி சத்தத்துல ஒண்ணும் ஓடல. சும்மாதான் கேக்கறேன்."

நந்தி காட்டியது. ஒரு எழுத்து விடாமல் படித்தேன். என் கையால் மூடினேன்.

சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார். "மெசேஜ் போட்டிருந்தேனே, பாக்கலயா?"

ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே சொன்னேன். "நந்தி தடுத்துடுச்சுங்க."

இவர் என்னை வெறித்துப் பார்த்தார். அது பொய் என்று இவருக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்ல முடியாது. மேசைக்குத் திரும்பிப் போய்க் குதிரையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "வசு..."

"என்ன அண்ணி?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான் கூப்பிட்டேன். நீ உன் வேலையப் பாரு."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.